ஊறலுக்குக் கணக்கு உண்டு

கல்வராயன் மலையில் சாராய ஊறலுக்கு இருக்கிற மரியாதையே தனி. எத்தனை பேரல், எத்தனை லிட்டர், எந்த ஓடையோரம் என்று எல்லாம் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். போலீஸ் பேரலைக் கவிழ்க்கிற போட்டோவும் உண்டு. இப்படி எண்ணியும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது வேறு விஷயம். லிட்டர் கணக்கில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது.

பெண் உடம்பை அளக்கத்தான் சர்க்காரிடம் படி இல்லை.

மலையில் பதினாறு வயதில் தாலி ஏறி, கர்ப்பமும் ஆன பெண்ணுக்குக் கர்ப்பத்தைப் பதியும் பிக்மி எண் வாங்கப் போனால் வயதைக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் புருஷன் மேல் போக்சோ வழக்கு. அதனால் சிலர் போவதே இல்லை. போகாதவள் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாதவளுக்கு எந்தக் கொடுமையும் நடக்கவில்லை. மீறிக் கேட்டால், "அது அவங்க வழக்கம் சார்."

டெல்லியிலும் இதே பாட்டுதான், ராகம் கொஞ்சம் உசத்தி. தாவூதி போரா சமூகத்தில் ஏழு வயதையொட்டிச் சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் கத்னாவைத் தடைசெய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2017 டிசம்பரில் மத்தியப் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் பதில் மனு போட்டது: இப்படி நடப்பதற்கு அதிகாரப்பூர்வத் தரவு இல்லையாம். அடடா! மாவே கரைக்காத ஓட்டல்காரர் தோசை இல்லை என்று சத்தியம் செய்கிறார். எண்ணவேண்டியவர் யார்? மாசூமா ரானல்வி போன்ற போரா பெண்கள் அதற்கு முன்பே பெயரோடும் முகத்தோடும் பேசிவிட்டார்கள். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று ஆசைகாட்டிப் பாட்டி கூட்டிப்போனதையும், பிடித்து அமுக்கியதையும், பிளேடையும் சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் வெறும் வலி. தரவுக்கு முத்திரை வேண்டாமா?

2018-ல் அரசே புரண்டு படுத்து, இது இருக்கிற சட்டப்படியே குற்றம்தான் என்றது. அந்தச் செப்டம்பரில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2019 நவம்பரில் சபரிமலை வழக்கோடு சேர்த்து இன்னும் பெரிய அமர்வுக்கு. வழக்குப் போட்ட வருஷம் பிறந்த குழந்தைக்கே ஏழு வயது தாண்டிவிட்டது. அரசியல் சாசனத்துக்கு அவசரமில்லை, பிளேடுக்கு உண்டு.

கடல் தாண்டினால் இலங்கை. அங்கே தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகள் சிலவற்றில், பெண் குழந்தைக்கு நாற்பது நாள் ஆவதற்குள் இதே அறுப்பைச் செய்ய ஒஸ்தா மாமி வந்துவிடுவார். 2018-ல் சுகாதார அமைச்சு வீராவேசமாகச் சுற்றறிக்கை விட்டது: டாக்டர்கள் யாரும் இதைச் செய்யக் கூடாது. ஒஸ்தா மாமி டாக்டர் இல்லையே! சுற்றறிக்கை அவர் வாசலுக்கு வந்து, சலாம் வைத்துவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.