64,000 புஷ்

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் அவரைப் பார்த்துவிடலாம். வாசலில் பெயர்ப்பலகை மங்கிக் கிடக்கும், உள்ளே சி.என்.சி. மெஷின் மட்டும் புதுப்பெண் மாதிரி பளபளவென்றிருக்கும். சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், நகக்கண்ணில் என்ன சோப்பு போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள். ஆபரேட்டர் வராத நாளில் அவரே மெஷினில் நிற்பார். டிரைவர் வராத நாளில் அவரே டெலிவரி வேனை ஓட்டுவார். இரண்டு பேரும் ஒழுங்காக வந்துவிட்ட நாளில் கரண்ட் போயிருக்கும். பாங்குக்கு அவர் புரொப்ரைட்டர், ஒடிசாப் பையன்களுக்கு சேட், மனைவிக்கு நேரத்துக்குச் சாப்பிட வராத மனுஷன். நாம் ஓனர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஓனருக்கு வசதி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது. அது வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். கார் கம்பெனிக்குப் போய் விலை ஏற்றிக் கேட்க வேண்டிய நாளில் இன்னோவாவை மெயின் ரோட்டிலேயே மரத்தடியில் நிறுத்திவிட்டு, ஓரம் கிழிந்த ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போவார். வேர்வையோடு உள்ளே நுழைவது பேரத்தில் பாதி. பெரிய கம்பெனிகள் வருஷா வருஷம் 'கொஞ்சம் குறைச்சுக் குடுங்க' என்று கேட்பது இந்தத் தொழிலின் சம்பிரதாயம். சப்ளையர் கையில் புது வாட்ச் தென்பட்டால் பர்ச்சேஸ் மேனேஜர் 2 சதவீதம் குறைக்கச் சொல்வார். புதுக் கார் தென்பட்டால் 3. மகள் கல்யாணத்துக்கு ஏ.சி. மண்டபம் எடுத்தவர் அந்த வருஷம் முழுக்க எழுந்திருக்க முடியாது. (கும்மிடிப்பூண்டி இரும்புக்காரர்கள் வேறு ஜாதகம். அவர்கள் காரை ஒளித்து நான் பார்த்ததில்லை.)

இப்படிப்பட்டவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிசினஸ் கிளாஸ் ஏறியதற்குப் பொறுப்பு மூன்று பேர்: முதுகெலும்பு, மகன், ஆடிட்டர். ஜூரோங்கில் ஒரு வாடிக்கையாளர் நேரில் வந்து பேசச் சொல்லியிருந்தார். ஜூரோங் என்றால் ஓனருக்குக் கொஞ்சம் இளக்காரம். அவருடைய அப்பா கிண்டி எஸ்டேட்டில் ஃபிட்டர். கிண்டி தொடங்கியது 1958-ல். சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஜூரோங்கில் தொழிற்பேட்டை போட ஆரம்பித்தது 1961-ல். "நமக்கு ஜூனியர்" என்பார். அதற்கப்புறம் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற விவரத்துக்குள் அவர் போவதில்லை.

"நைட் ஃப்ளைட்டுப்பா. உட்கார்ந்தபடியே போனா மறுநாள் உங்களால நிமிர முடியாது" என்று மகன் சொன்னபோது அவர் அசையவில்லை. டிக்கெட் போக வர 80,000 ரூபாய் என்றதும் மனசுக்குள் மீட்டர் ஓடியது. அவர் மெஷினில் கடைந்து கார் கம்பெனிக்குக் கொடுக்கும் சின்ன உலோக வளையம்தான் புஷ்; ஒரு புஷ்ஷுக்கு ஒன்றேகால் ரூபாய் நிற்கும். அப்படியானால் 64,000 புஷ். அத்தனை புஷ்ஷையும் குவித்து அதன்மேல் போய்ப் படுப்பதா? அங்கேதான் ஆடிட்டர் வந்தார். எகானமிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பிசினஸ் கிளாஸுக்கு 12 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18. "கம்பெனி வேலையாத்தானே போறீங்க? இன்புட் எடுத்துக்கலாம் சார்." ஓனர் முகம் மலர்ந்தது. 12 திரும்ப வந்த இடத்தில் இப்போது 18 திரும்ப வருகிறதே! வரி ஏறியதைக் கேட்டு மகிழ்ந்தவர் இந்த தேசத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மணவாளநகர், வெள்ளவேடு, திருமழிசை, பூந்தமல்லி என்று வழியெல்லாம் மனைவி போனில். "என்னங்க, 40 கிலோ கொண்டுபோலாமாமே? பையன் சொல்றான். பெட்டி 15 கிலோகூட இல்லையே, வீணாப் போகுதே!" வீணாகத்தான் போயிற்று. அந்த வருத்தத்தில் மீனம்பாக்கம் வரை அவர் பேசவில்லை. செக்யூரிட்டியில் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பார்த்த ஜவானுக்கு, ஷாப் ஃப்ளோரில் பழகிய இந்தியில் இது ஆயுதமல்ல, அளவுகோல் என்று விளக்கி மீட்டுக்கொண்டார். லவுஞ்சில் இட்லி சாப்பிட்டார். விமானத்தில் சாப்பாடு உண்டு என்று தெரிந்தும்தான், டிக்கெட்டில் சேர்ந்தது.

விமானத்துக்குள் அவருக்கு முதலில் பட்டது ஆட்கணக்கு. போயிங் 787-10-ல் முன்னால் 36 இடம், பின்னால் 301. இந்த 36 பேருக்கு ஓடியாட இத்தனை பெண்களா? லேபர் காஸ்ட் எப்படிக் கட்டுப்படியாகும்? அவர்கள் உடுத்தியிருந்த சரோங் கெபாயா பாரிஸ் டிசைனர் பியேர் பால்மான் 1968-ல் வரைந்து கொடுத்தது, இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான் என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தான். ஓனருக்கு அதில் மரியாதை பிறந்தது. மாதம் ஒரு டிராயிங் ரிவிஷன் வரும் உலகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் மாறாமல் ஓடுகிற பார்ட்! சூடான துவாலை கொடுத்தார்கள். கையைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், பிறகு பழக்கதோஷத்தில் துவாலையை விரித்து எவ்வளவு கறுப்பு வந்திருக்கிறது என்று பார்த்தார். பனியன் வேஸ்ட்டாக இருந்தால் இன்னும் நாலு தடவை துடைக்கலாம்.

அப்போதுதான் பின்பக்கத்துப் பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள். அன்று முன் கதவு வழியாகவே எல்லோரையும் விட்டார்கள். வரிசையில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ, தோளில் லேப்டாப் பையோடு, பர்ச்சேஸ் மேனேஜர்.

பிசினஸ் கிளாஸ் என்ற ஏற்பாடே 1970-களின் கடைசியில், முழுக் கட்டணம் கொடுத்த கம்பெனிக்காரர்கள் சலுகை டிக்கெட் சுற்றுலாக்காரர்களோடு முட்டிக்கொண்டு உட்கார மாட்டோம் என்று முணுமுணுத்ததால் வந்தது. வாங்குகிறவர் பின்னாலும் விற்கிறவர் முன்னாலும் உட்காரும் நிலைமையை அதைக் கண்டுபிடித்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். காக்களூர் சாஸ்திரப்படி அது மகா அபசாரம். அந்த மேனேஜர் மேஜையில் ஓனருடைய விலை உயர்வு லெட்டர் மூன்று மாதமாகத் தூங்குகிறது. இந்தக் கோலத்தில் அவர் பார்த்துவிட்டால் அது நிரந்தரமாகத் தூங்கிவிடும்.

ஓனர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.

"சார், ரொம்பக் குளிருதுங்களா?" சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி, கணீரென்று. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, இல்லை, போம்மா என்று ஆட்டியது. அவள் இன்னொரு போர்வை கொண்டுவந்து போர்த்தினாள்.

முன்னே யாரோ பெட்டியை மேலே திணித்துக்கொண்டிருந்ததால் வரிசை நின்றது. மேனேஜர் சரியாக ஓனரின் முழங்கை அருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்: "அந்தக் காக்களூர் பார்ட்டிக்கு இப்ப ரிலீஸ் பண்ணாதீங்க. ஒண்ணும் அவசரமில்ல. நான் வந்து பாத்துக்கறேன்."

சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. கொடுக்காமல் இழுத்தால் அந்தச் செலவை அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023 பட்ஜெட்டில் இன்னொரு முடிச்சும் போட்டார்கள். அன்றைக்கு ஓனருடைய பில்லுக்கு வயது 92 நாள். இரண்டு போர்வைக்கு அடியில் சட்டம் அவருக்குத் துணை நின்றதாகத் தெரியவில்லை.

விமானம் கிளம்பி, நடுவிலே திரையை இழுத்து மூடிய பிறகுதான் தலை வெளியே வந்தது. சாப்பாடு வந்தபோது பாதி எழுந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பரிமாறுகிறவரை நிற்க வைத்து உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆகாது. சாப்பிட்டு முடித்ததும் கவனம் மேஜைப் பலகைமேல் போயிற்று. ஒரு தட்டுத் தட்டினால் பக்கவாட்டிலிருந்து வெளியே வந்து, மடிந்து, விரிந்து, நிற்கிறது. கீலில் ஆட்டமே இல்லை. கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டினார்; பிசிர் இல்லை. ஸ்கேலை வைத்து அளந்தார். குனிந்து அடியில் பார்த்தார். அலுமினியம், காஸ்டிங் இல்லை, முழுக்கட்டையிலிருந்து மில்லிங் பண்ணியது, அதன்மேல் அனோடைசிங். இரண்டு செட்டிங், ஒரு ஃபிக்ஸ்சர். "நம்மால 400 ரூபாய்க்குக் குடுக்க முடியும்" என்று வாய்விட்டே சொன்னார். அந்த நிமிஷத்தில்தான் அவர் முகத்தில் முதல் வகுப்புப் பயணியின் நிம்மதி வந்தது. புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையில் உலுக்கினாலும் விமான இருக்கை கழன்றுவரக் கூடாது, ஏ.எஸ்.9100 சான்றிதழ் இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் தலைகாட்ட முடியாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில் டிட்கோ போட்டிருக்கும் விமானத் தொழிற்பூங்காவைப் பற்றிய செமினாரில் பிஸ்கட் சாப்பிட்டவர்தான். இருந்தாலும் கீலை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இருக்கை கட்டிலாக நீண்டது. தூங்கவில்லை. போகும் வழிக்கு மட்டும் கணக்கெடுத்தால் 32,000 புஷ், நாலு மணி நேரப் பயணம், மணிக்கு 8,000. கண்ணை மூடினால் நிமிஷத்துக்கு 133 புஷ் தூக்கத்தோடு போகிறது. வாங்கிய கட்டிலுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டி, அதில் விழித்தபடி மல்லாந்து கிடந்தார். முதுகு வலி மட்டும் நிஜமாகவே இல்லை.

சாங்கியில் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது தப்பிக்க முடியவில்லை.

"அட, நீங்களும் இந்த ஃப்ளைட்டா சார்? கண்ணுல படவே இல்லையே, எங்க உக்காந்திருந்தீங்க?"

"பின்னாடி சார். ரொம்பப் பின்னாடி. டாய்லெட் பக்கத்துல."

முன்வகுப்புப் பெட்டிகள்தான் முதலில் வந்தன. மூன்றாவதாக ஓனருடையது, அடையாளத்துக்கு மனைவி கட்டிவிட்ட சிவப்பு ரிப்பனும் கைப்பிடியில் பிரையாரிட்டி டேகுமாக. ஓனர் அதை நேருக்கு நேர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி, ராடு விலை கிலோவுக்கு எவ்வளவு ஏறிவிட்டது என்று ஆரம்பித்தார். பெட்டி ஒரு சுற்று சுற்றி வந்தது. அனோடைசிங்காரர் ரேட்டைக் கூட்டிவிட்டதைச் சொன்னார். பெட்டி மறுபடி வந்தது.

"இந்த முன்னாடி வர்ற ஆளுங்களைப் பாருங்க" என்றார் மேனேஜர், ரிப்பனைக் காட்டி. "பெட்டி பாட்டுக்கு சுத்துது, ஆளையே காணோம்."

"பணக்கொழுப்பு சார்" என்றார் ஓனர்.

கடைசியில் மேனேஜரின் பெட்டி வந்தது. ஓனரே அதைத் தூக்கி டிராலியில் வைத்தார். மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. "உங்களது இன்னும் வரலையே, நானும் நிக்கட்டுமா?"

"நீங்க கிளம்புங்க சார். 92 நாளா உங்க பேமென்ட்டுக்கே நிக்கிறேன், பெட்டிக்கு நிக்க மாட்டேனா?"