சிடி பெட்டி மகாத்மியம்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதனுடைய அலமாரியைத் திறந்து பார்த்தாலும், பழைய பஞ்சாங்கத்துக்கும் கிளினிக் அட்டைகளுக்கும் நடுவே கல்யாண விசிடிகள் சில கிடப்பதைக் காணலாம். ஆனால் அவற்றைப் போட்டுப் பார்ப்பதற்கு வாயுள்ள யந்திரம் ஒன்று அந்த வீட்டில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. பிளேயர்கள் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிப் பரகதி அடைந்துவிட்டன. மடிக்கணினி செய்கிறவர்களோ, 2008இல் ஆப்பிள் நிறுவனம் தட்டு வாயே இல்லாத மேக்புக் ஏரை வெளியிட்டது முதல், மேனி மெலிவதே பரம புருஷார்த்தம் என்று தீர்மானித்து, ஒருவர் பின் ஒருவராக அந்த வாயை அடைத்துவிட்டார்கள்.

இந்த நிலைமையில், யுஎஸ்பி கம்பியோடு கூடிய டிவிடி டிரைவ் ஒன்றைக் கடையில் வாங்கி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவனுக்கு ஊரிலே உண்டாகும் அந்தஸ்து சாமானியமானதன்று. முற்காலத்தில் தோட்டத்து மருத்துவச்சியின் கதவை எப்படி வேளை பாராமல் தட்டினார்களோ, அப்படியே என் கதவும் தட்டப்படுகிறது. “சார், பெட்டி இருக்கா? அக்கா கல்யாணம் பார்க்கணுமாம்” என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கேட்கிற பையனுக்கு, பெட்டியோடு அதன் சுபாவத்தையும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. கைக்கு லேசான பெட்டிதான்; ஆனால் சாதாரண யுஎஸ்பி 2.0 துவாரம் கொடுக்கிற 500 மில்லியாம்பியர் மின்சாரம், தட்டு சுழலத் தொடங்கும் அந்த முதல் முயற்சிக்குப் போதாமற்போவது உண்டாதலால், இரண்டு தடவை முனகி, ஒரு தடவை ‘டிக்’ என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். இதற்காகவே சில பெட்டிகளுக்கு இரட்டை வால் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் செருகிவிட்டால் மௌஸுக்கு இடம் இராது. மௌஸுக்கு இடங்கொடுத்தால் மாப்பிள்ளை மணவறைக்கு வரமாட்டார்.

டிவிடி விஷயத்தில் வேறொரு வினோதமும் உண்டு. படக் கம்பெனிகள் பூமண்டலத்தைப் பங்கு போட்டு, இந்தியாவுக்கு 5 என்றும் மலேசியாவுக்கு 3 என்றும் இலக்கம் கொடுத்திருக்கின்றன. ஒரு பிரதேசத்துக்கென்று பூட்டப்பட்ட தட்டைப் பார்க்க வேண்டுமானால் டிரைவ் தன் பிரதேசத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐந்து தடவைதான். ஐந்தாவது முறை எந்தப் பிரதேசத்தில் நிற்கிறதோ, ஆயுள் பரியந்தம் அங்கேயே வாசம். குடியுரிமை சம்பந்தமாக இவ்வளவு தாராள மனப்பான்மை நம் பாட்டன்மார் காலத்து உத்தியோகஸ்தர்களிடம் காணப்பட்டிருந்தால், சிவப்பு அடையாள அட்டையோடு எத்தனையோ பேர் அலைந்திருக்க வேண்டியதில்லை.

கல்யாண விசிடிக்கு இந்தப் பூட்டு இல்லை. அதன் வியாதி வேறு. லேசர் ஒளி தட்டை நடுவிலிருந்து படிக்கத் தொடங்கி, ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சுருள் பாதையில் விளிம்பை நோக்கி ஊர்ந்து வருவது. ஒரு தட்டு கொள்வதோ 74 நிமிஷம். நம்மூர் வீடியோக்காரர், பெண்ணின் மருதாணிக் கையையும், வாசல் வாழைமரத்தையும், ஓய்வு பெற்ற கிராணியார் காரை விட்டு இறங்குவதையும் விஸ்தாரமாகக் காட்டிய பிறகே முகூர்த்தத்துக்கு வருவாராதலால், தாலி கட்டுகிற கட்டம் முதல் தட்டின் கடைசியில், அதாவது விளிம்பில், போய் விழுகிறது. பிள்ளைகள் எண்ணெய் விரலால் பிடிப்பதும் அந்த விளிம்பைத்தான். மேளம் கொட்டும், அட்சதை பறக்கும், மாப்பிள்ளையின் கை உயரும். அவ்வளவில் படம் உறைந்துவிடும். சாஸ்திரப்படியும் சட்டப்படியும் விவாகமாகி, லேசரின் கணக்கில் மட்டும் இன்னும் பிரமசரியத்தில் நிற்கும் தம்பதிகள் பலரை நான் அறிவேன்.

ஓடுகிற தட்டிலும் முகம் தெரியும் என்று சொல்வதற்கில்லை. விசிடி படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. இன்றைய மடிக்கணினித் திரையில் அதைப்போல் இருபது மடங்கு புள்ளிகள் இருப்பதால், பெரிதாக்கிப் பார்த்தால் மணப்பெண் தரை ஓடு பதித்ததுபோல் சதுரம் சதுரமாகச் சிரிக்கிறாள். பின்னால் நிற்கும் செம்பனை மட்டும் எந்த அளவிலும் செம்பனையாகவே தெரிகிறது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனையை நட்ட பத்தாங் பெர்ஜுந்தை அல்லவா இது! (2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியதைப் பெரியவர்கள் இன்னும் அங்கீகரிக்கவில்லை.)

ஆனால் பால்மரம் வெட்டி ஓய்ந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சதுரங்கள் ஒரு தடையே அல்ல. நடையைப் பார்த்தும், கொண்டையைப் பார்த்தும், சேலைக் கரையைப் பார்த்தும் ஆளைச் சொல்லிவிடுவார். “நிறுத்துங்க சார்! மூணாம் நம்பர் லயத்துக்காரி. மொத பந்தியில சாப்பிட்டுட்டு ரெண்டாம் பந்தியிலயும் உக்காந்திருக்கா பாருங்க!” என்று இருபது ஆண்டுகளுக்கு முந்திய குற்றத்தைக் கண்டுபிடித்து, அன்று சாயங்காலத்துக்குள் புக்கிட் ரோத்தான் வரை தீர்ப்பை அனுப்பிவிடுவார்.

இரவல் போன பெட்டி தஞ்சோங் காராங்கிலோ ஈஜோக்கிலோ சுற்றிவிட்டு வரும்போது, அதன் வயிற்றில் யாருடைய தட்டாவது தங்கியிருப்பது வழக்கம். சென்ற மாதம் அவ்வாறு வந்த ஒன்றை, முகப்பிலுள்ள ஊசித் துவாரத்தில் பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி விட்டு வெளியே எடுத்தேன். சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கும் சத்காரியத்துக்காக ஓடவிட்டுப் பார்த்தேன். பெண்ணும் பிள்ளையும் முன்பின் அறியாதவர்கள். பந்தி வரிசையில் மட்டும் பரிச்சயமான ஒரு கொண்டையும் பச்சைச் சேலையும் தெரிந்தன. அடுத்த பந்தியிலும் அதே கொண்டையும் அதே சேலையும் தெரிந்தன. பெரியம்மாவை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு வெகு சமீபத்தில் வந்து பார்த்தார்.

“இந்தப் பெட்டியில ஆள் அடையாளமே தெரியாது சார். வேற நல்ல பெட்டியா வாங்குங்க.”