அல்வா கொடுப்பவர்கள் ஜாக்கிரதை!

கே: பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவன் நான். இப்போது ஒரு ஆலையில் செக்யூரிட்டி மேனேஜர். எனக்கு இனிமேல் என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது?
(கங்கைகொண்டான் வாசகர்)

ப: எல்லையில் எதிரி யார் என்று தெரியும். ஆலையில் அவர் கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டே தொங்கும். சட்டம் உங்களுக்குச் சலுகை தந்திருப்பது உண்மைதான். தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005-இல் வந்தது, அதற்கான மாதிரி விதிகள் 2006-இல் வந்தன. அவற்றின்படி புதிதாகச் சேரும் காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி. முன்னாள் ராணுவத்தினருக்கு 40-ம் 16-ம் போதும். குறைத்திருக்கிறார்களே தவிர, ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்லவில்லை.

கே: அந்த 160 மணி நேரப் பயிற்சியை நம்ம ஊரில் யாராவது கண்ணால் பார்த்ததுண்டா?
(வண்ணார்பேட்டை வாசகி)

ப: சான்றிதழைப் பார்த்தவர்கள் நிறைய உண்டு! போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், மாடிப்படி ஓரம் நின்ற செக்யூரிட்டி அண்ணாச்சியிடம் தீயணைப்பானைக் காட்டி, “இதை எப்படி இயக்கணும்?” என்று கேட்டேன். “அதைத் தொடக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லிருக்காவ” என்றார். சிலிண்டரில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன. முள் மட்டும் சிவப்பில் நின்றது. தப்பு அண்ணாச்சி மேல் இல்லை. பயிற்சி தேவைப்பட்டது அந்த மேனேஜருக்கு.

கே: எங்கள் காவலர்களுக்குப் போலீஸ் மாதிரியே உடுப்புத் தைத்தால் மிடுக்காக இருக்குமே?
(மேலப்பாளையம் வாசகர்)

ப: இருக்கும். அதே சட்டத்தில் அந்த மிடுக்குக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. போட்டவருக்கு மட்டுமல்ல, ஏஜென்சி முதலாளிக்கும் சேர்த்து.

கே: கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குள்ளேயே வைரஸ் நுழைந்ததாமே? மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை துப்பாக்கியோடு நிற்கிற இடம் அல்லவா அது?
(ராதாபுரம் வாசகர்)

ப: துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படுகிற வைரஸ் இன்னும் பிறக்கவில்லை. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2019 செப்டம்பர் 4 அன்று, கணினி ஆபத்துகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு, தீநிரல் ஒன்று புகுந்திருப்பதைத் தெரிவித்தது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியே கசிந்தது. 29-ஆம் தேதி நிலையத்திலிருந்து வந்த அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது சரிதான் என்றது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒருவரது கணினிதான் அது, உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பாதுகாப்பாக இருக்கிறது என்றும் விளக்கியது.

இரண்டு அறிக்கையையும் அருகருகே வைத்துப் படித்தால், முதலாவதிலும் பொய் இல்லை என்பது தெரியும். ஊர் கேட்டது ஒன்று, நிலையம் சொன்னது இன்னொன்று. “திருடன் வந்தானா?” என்று கேட்டால், “பீரோ பத்திரமாக இருக்கிறது” என்று சொல்வது போல. முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நிலையத்தை அடுத்த இடிந்தகரையிலிருந்து டெல்லி வரை யாரும் அவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள். பாதுகாப்பு மேலாளர் பயிற்சியில் பூட்டு, கேமரா, ஃபயர்வால் எல்லாம் உண்டு. கெட்ட செய்தியை வாய்விட்டுச் சொல்லும் பாடம்தான் பல இடங்களில் இல்லை. இப்போது அதற்கும் கெடு வந்துவிட்டது: 2022 ஏப்ரலில் செர்ட்-இன் இட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். நம்ம ஊர் மேனேஜர்கள் முதலாளியிடம் சொல்லத் தைரியம் வரவழைத்துக்கொள்ளவே ஆறு மணி நேரம் ஆகும்.

கே: அந்தக் காலத்தில் இத்தனை படிப்பு இல்லாமலே ஊர்க்காவல் நடக்கவில்லையா?
(பாளையங்கோட்டை வாசகர்)

ப: நடந்தது. பாளையக்காரர் காலத்தில் இந்தச் சீமையில் தலக்காவல், தேசகாவல் என்று இரண்டு இருந்தன. ஊரார் காவல்கூலி கொடுப்பார்கள். பொருள் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். (கூலி கொடுக்காத வீட்டில் மாடு காணாமல் போவதும் உண்டு, அது வேறு கதை!) தொலைந்ததைத் தன் கைக்காசில் கட்டணும் என்று உங்கள் நியமன உத்தரவில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பயிற்சி வகுப்பில் உட்கார இடம் கிடைக்காது.

கே: சரி, என்ன படிக்கலாம்? எங்கே படிக்கலாம்?
(சேரன்மகாதேவி வாசகர்)

ப: பக்கத்திலேயே, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. பாதி மேனேஜர்களுக்கு இது தெரியாது. உலக அளவில் பெயர் வேண்டுமென்றால் பாதுகாப்புத் துறையினருக்கான ஏசிஸ் அமைப்பின் சி.பி.பி. தேர்வு இருக்கிறது. கணினிப் பக்கம் போக சி.ஐ.எஸ்.எஸ்.பி. உண்டு, அதற்குப் பொதுவாக ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். வாட்ச்மேனுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்த அனுபவத்தை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

கே: வெள்ளம், மழை எல்லாம் கலெக்டர் வேலை. செக்யூரிட்டி மேனேஜருக்கு அதில் என்ன?
(ஸ்ரீவைகுண்டம் வாசகி)

ப: உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? 2023 டிசம்பர் 17 ராத்திரி வெள்ளத்தில் உங்கள் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் நிறுத்தப்பட்டதே, மறந்துவிட்டீர்களா? தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தன. நிலைய அதிகாரி வண்டியை மேலே விடவில்லை. பக்கத்துக் கிராமத்தார் சோறு கொண்டுவந்தார்கள், ஹெலிகாப்டர் பொட்டலம் போட்டது. எல்லாரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த நிலைய அதிகாரி மேலிடத்துக்குப் பயந்து கொடியசைத்திருந்தால்?

உங்கள் ஆலையில், ஆஸ்பத்திரியில், கல்லூரியில் ‘நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் ராத்திரி ஷிப்டில் யாருக்கு? எழுதி வைத்திருக்கிறீர்களா? அதே வெள்ளத்தில் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தாமிரபரணி புகுந்தாள். உங்கள் ஜெனரேட்டரும் சிசிடிவி ரெக்கார்டரும் இன்னும் தரைத்தளத்தில்தானே இருக்கின்றன?

கே: ஒரு மேற்பார்வையாளர் எத்தனை காவலரைப் பார்த்துக்கொள்ளலாம்?
(அம்பாசமுத்திரம் வாசகர்)

ப: மாதிரி விதிப்படி பதினைந்து பேருக்கு மேல் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் எத்தனை பேர் என்பது கணக்கில் வராது.

கே: எங்கள் கணக்குப் பிள்ளைக்கு ‘எம்.டி. பேசுகிறேன்’ என்று மெசேஜ் வந்து, அவரும் பணம் அனுப்பிவிட்டார். யாருக்குப் பயிற்சி கொடுக்க?
(டவுண் வாசகர்)

ப: அல்வாவுக்குப் பேர்போன ஊரிலேயே உங்களுக்கு அல்வா கொடுத்துவிட்டார்களே! முதல் பயிற்சி எம்.டி.க்கு: பணம் கேட்டு மெசேஜ் அனுப்ப மாட்டேன் என்று ஊழியர்களைக் கூட்டிவைத்துச் சொல்லட்டும். அடுத்தது கணக்குப் பிள்ளைக்கு: எம்.டி.யாகவே இருந்தாலும் திருப்பி போன் போட்டுக் கேட்கலாம், கேட்டால் திட்டு விழாது என்று எழுத்தில் கொடுங்கள். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு. அந்த எண்ணைப் பெரிதாக எழுதிக் கணக்குப் பிள்ளையின் மேஜைக்கு எதிரே இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.