கப்பலேறிய முதலாளி

ஆரணிப் பட்டு முதலாளி வெளிநாடு போனால் மார்கழியில்தான் போவார். முகூர்த்தம் இல்லாத மாதம். பெற்றோரின் கல்யாண நாள் பரிசாக மகன் டிக்கெட் எடுத்திருப்பான்: வியட்நாமின் ஹாலாங் விரிகுடா, கப்பலில் ஓர் இரவு. "கேன்சல் பண்ணா பணம் வருமா?" என்று விசாரிப்பார். வராது என்று தெரிந்த பிறகே சம்மதம்.

கப்பல் அறைக்குள் நுழைந்ததும் முதலாளியம்மா ஜன்னலைத் திறப்பார்; இவர் திரைச்சீலையை விரலால் தேய்ப்பார். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். பட்டென்றால் முடி கருகும் வாடை வருமே! புகை வந்தால் மணி அடிக்கும் என்று சுவரில் எழுதியிருப்பதால் அடங்குவார்.

1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கடல் அது. சுமார் 1,600 சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். ஊரே வாய் பிளந்து நிற்க, இவர் தண்ணீரை மட்டும் படமெடுத்துச் சாயப்பட்டறைக்கு அனுப்புவார்: "இந்தப் பச்சை வருமா?" உடனே பதில் வரும்: "சாயம் நிக்காதுண்ணே."

சுங் சோட் குகையில், கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளைக் காட்டி, சொட்டுச் சொட்டாக வடிந்து இப்படி ஆகப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன என்பான் வழிகாட்டிப் பையன். முதலாளிக்குத் தன் நெசவாளி ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். வெளியே வந்ததும் போன் போடுவார்: "இன்னாப்பா, தறியிலேர்ந்து சேலை அறுத்தாச்சா இல்லியா?"

அடுத்தது லுவோன் குகை. தாழ்ந்த பாறை வாயிலுக்குள் கயாக்கில் துடுப்புப் போட்டு நுழைய வேண்டும். முதலாளி முன்னால், அம்மா பின்னால். இவர் தன் இஷ்டத்துக்குத் துழாவ, படகு நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். பாறைமேல் இருக்கும் குரங்குகள் வேடிக்கை பார்க்கும்.

முதலாளி ஆவதற்கு முன் அவரிடம் இருந்தது ஒரே ஒரு குழித்தறி. அவர் கோர்வைச் சேலையின் உடலை நெய்ய, வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா கொடுத்தவர் அம்மாதான். இரண்டு பேர் கையும் ஒத்துப்போகாவிட்டால் கரை ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம்.

"இன்னாங்க, கோர்வை போட்டதெல்லாம் மறந்துட்டீங்களா? நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு."

படகு நேராகப் போகும். பாறை வாயிலைத் தாண்டி, நாலு பக்கமும் மலை சூழ்ந்த நீர்ப்பரப்புக்குள் வந்ததும் முதலாளிக்குக் குஷி பிறக்கும்.

"பரவால்லியே! இதுக்கு இன்னா கூலி கேக்கப் போற?"

"அந்தக் கூலியே முப்பது வருஷமா பாக்கி."

அன்று இரவு கப்பலில், பெருந்தன்மையாக ஒரு நோட்டை நீட்டுவார். இதே விரிகுடாவின் பாறை அச்சடித்த இரண்டு லட்சம் டாங் நோட்டு. "இந்தா, ரெண்டு லட்சம். கணக்கு தீந்துச்சா?"

அம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொள்வார். "நம்ம ஊர்ப் பணத்துல ஆயிரம் ரூபா கூட வராதுன்னு அந்த கைடு தம்பிகிட்ட கேட்டுட்டேன். மீதிய ஆரணில வாங்கிக்கறேன்."