வயிறு சுத்தாதுங்க!

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ லேத் பட்டறை வைத்திருக்கும் நம் அண்ணன் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறீர்களா? தோள்பட்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு போங்கள். தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்ததும் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எந்த ஊர் என்றெல்லாம் கேட்க மாட்டார். உங்கள் இடது கையில் பழைய இரும்பு ரிம் ஒன்று, வலது கையில் அலுமினிய ரிம் ஒன்று. "தூக்கிப் பாருங்க. எது எச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்பார். இதற்கென்றே அந்த இரும்பு ரிம் வாசல் ஆணியில் வருஷக்கணக்காகத் தொங்குகிறது. "ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குதுங்" என்று ஒரு பெரியவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன் போகவில்லை. மொய் மட்டும் போனது.

அண்ணனிடம் இருப்பது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. இதில் இன்னும் குறைக்க என்ன இருக்கிறது என்று வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். எலக்ட்ரானிக் தராசு வெளியே வந்துவிடும். பட்டறையில் பம்ப் காஸ்டிங்கை டன் கணக்கில் ஏற்றி இறக்குகிற மனுஷன், ஸ்போக்ஸ் கம்பியை மட்டும் கிராமில் நிறுப்பார். பின்சக்கரப் பல்சக்கரத்தில் ஓட்டை போட்டு, டிரம்மை லேத்தில் கொடுத்து ஒரு சுற்று சீவி, உதிர்ந்த தூளையும் கூட்டி அள்ளித் தராசில் வைத்து, "பதினெட்டு கிராமுங்க!" என்பார். பேரன் பிறந்தபோதுகூட எடையை இவ்வளவு பெருமையாகச் சொன்னதாக வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

டயர் கடைக்கும் தராசோடுதான் போவார். ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஆனாலும் ஒன்றுக்கொன்று எடையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்பது அவருக்குத் தெரியும். நாலைந்து டயரை நிறுத்துப் பார்த்து இளைத்ததைப் பொறுக்குவார். தக்காளிக் கடையில் இரண்டு ரூபாய்க்குக் கால்மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர், இங்கே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவார். பெரிய கடை வீதியில் நகை வாங்குகிறவர்கள் எடை கூடினால் பணம் கூடக் கொடுப்பார்கள். எடை குறைந்ததற்குப் பணம் கூடக் கொடுக்கிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

மச்சினன் மகன் ஒரு நாள் தன் வண்டியில் தடி டயர் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அண்ணன் துக்க வீட்டில் நிற்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். "ரிம்மு சின்னது, டயரு பெருசு. ரெண்டு பக்கமும் கவ்விப் புடிச்சு உருண்டையாப் போச்சு பாரு மாப்ள. எடையும் எச்சு, புடிமானமும் போச்சு." இதில் மட்டும் நான் முழுக்க அண்ணன் கட்சி.

ஏன் இந்தப் பாடு என்றால் வம்ச விருட்சம் விரியும். ஜி.டி. நாயுடு இளம் வயதில் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு மாட்டிய ஊருங்க இது. கரிவரதன் ரேஸ் கார் கட்டிய ஊருங்க. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம்மூர்க்காரருங்க. நாயுடு, கரிவரதன், நரேன். அடுத்த பெயரை அண்ணன் தன் வாயால் சொல்ல மாட்டார். நாம்தான் யூகித்துக்கொள்ள வேண்டும். கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருப்பார். பாதிப் பந்தயம் ஓடுவதற்குள் யார் சக்கரம் கனம் என்று கண்ணாலேயே நிறுத்துவிடுவார்.

வீட்டு அம்மிணி ஒரு நாள் கேட்டார்: "ஏனுங்க, வண்டிய நிறுத்தது போதும். ஒருக்கா நீங்களும் அந்தத் தராசுல ஏறி நில்லுங்களேன்." கெடா விருந்து ஒன்றையும் தவறவிடாத உடம்பு அது. அண்ணன் அசரவில்லை. "அம்மிணி, சக்கரம் சுத்தும். வயிறு சுத்தாதுங்க!"

"சுத்தாதுங்களா? காத்தால இருந்து பொழுதோட வரைக்கும் அதத் தூக்கீட்டு ஊரெல்லாம் சுத்தறது யாருங்க?"

குசும்பு அம்மிணியுடையது, இயற்பியல் அண்ணனுடையது. ஓடும் வண்டியில் தொப்பை முன்னால் மட்டும் நகர்கிறது. ரிம்மும் டயரும் முன்னால் நகர்ந்துகொண்டே சுழலவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, ஏறத்தாழ இரண்டு கிலோவாக என்ஜினை இழுத்துப் பிடிக்கும். பிரேக் போடும்போதும் அதே கதைதான். வளைவில் சாய்க்கவும் லேசான சக்கரம் லகுவாக இருக்கும். குண்டு குழியில் தரையை விடாமல் தழுவியும் போகும்.

ஆனால் இரண்டு கிலோதான். அண்ணன் டீக்கடையில் சொல்கிற மாதிரி "பத்துக் கிலோவுக்குச் சமானம்" இல்லை. எடை விளிம்பில் குறைந்தால்தான் அந்த இரட்டிப்பும். அச்சுக்குப் பக்கத்தில் டிரம்மைச் சீவி எடுத்த பதினெட்டு கிராமுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு சக்கர விளிம்பிலும் சேர்த்து 2 கிலோ குறைத்தார் என்றால் பலன் 4 கிலோ. வண்டி நூறு, அண்ணன் தொண்ணூறு. நூற்றுக்கு இரண்டு பங்கு தேறும். நின்ற இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6 நொடி ஆகுமென்றால், இப்போது நொடியில் எட்டில் ஒரு பங்கு முன்னாலேயே தொட்டுவிடுவார்.

இந்த மிச்சத்தை அனுபவிக்க அண்ணன் தேர்ந்தெடுத்திருக்கும் இடம், அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம். 10.1 கிலோமீட்டர், தடையே இல்லை. "வெசையாப் போலாமுங்க" என்கிறார். அங்கேதான் சிக்கல். சமதளத்தில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது சக்கரம் லேசா கனமா என்பது என்ஜினுக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே எதிரி காற்றுதான். கைக்காசு போட்டுக் குறைத்த அந்த 2 கிலோவுக்கு வட்டியாவது தேற வேண்டுமென்றால், அண்ணன் பாலத்துக்குக் கீழே லட்சுமி மில், ஹோப் காலேஜ் பக்கம் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று நின்றுதான் போக வேண்டும்.