நூற்றுக்கு நூறு வாங்கிய பம்ப்

நான் வேலை பார்த்த ஆலையில் தீயணைப்புக்கென்று ஒரு டீசல் பம்ப் இருந்தது. வாரம் ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நீளமான லாக் புத்தகம் உண்டு. பொய் எழுதுகிறவன்கூடப் பேனாவைத் தேடி எடுத்து, தேதி பார்த்து, ஆயில் பிரஷர் என்று ஏதோ ஓர் எண்ணையாவது கற்பனை செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சிரமமும் எதற்கு என்று நிர்வாகம் சொத்து மேலாண்மை மென்பொருள் வாங்கியது.

பம்புக்கு ஜாதகம் கணித்தார்கள். சொத்து எண், நிறுவிய நாள், ஆயுள், திசை, புத்தி. திங்கட்கிழமை காலை பி.எம்., அதாவது தடுப்புப் பராமரிப்பு, ஒர்க் ஆர்டர் பிறக்கும். வெள்ளிக்கிழமைக்குள் 'க்ளோஸ்' ஆக வேண்டும். ஆகாவிட்டால் சிவப்பு. அந்தச் சிவப்பு மேலாளரின் டேஷ்போர்டில் தெரியும், அங்கிருந்து தலைமை அலுவலகத்திலும் தெரியும். பம்ப் ஓடுமா என்பது மட்டும் எங்கேயும் தெரியாது.

முதல் மாதமே ஒரு ஃபிட்டர் வம்பில் மாட்டினார். ஒப்பந்தத் தொழிலாளி, உலகம் தெரியாதவர். "பேட்டரி போய்விட்டது, ஓட்டவில்லை" என்று உள்ளதை உள்ளபடி அடித்துவிட்டு ஆர்டரை மூடாமல் விட்டுவிட்டார். மேலாளர் கூப்பிட்டார்.

"என்னப்பா, பி.எம். ஏன் பெண்டிங்?"

"பேட்டரி இல்ல சார். ஸ்டோர்ஸ்ல கேட்டு மூணு வாரம் ஆச்சு."

"அது பேட்டரி பிரச்சனை. பி.எம். பிரச்சனை இல்ல. இத க்ளோஸ் பண்ணு, பேட்டரிக்குத் தனியா ஒண்ணு போடு."

உடல் வேறு, ஆன்மா வேறு என்று புரியவைக்க மகான்களுக்கு ஆயுசு போதவில்லை. பம்ப் வேறு, பராமரிப்பு வேறு என்பதை இவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். தனியாகப் போட்ட ஆர்டர் 'ஒப்புதலுக்குக் காத்திருப்பு' என்ற ஊருக்குப் போய், அங்கேயே வீடு பிடித்து, ரேஷன் கார்டும் வாங்கிவிட்டது. அந்த ஊர் புதிதல்ல. 1984 டிசம்பரில் போபாலில், கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயும் துருப்பிடித்தது என்று கழற்றப்பட்டு, கோபுரம் மாற்றுக் குழாய்க்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தது. ஊர் காத்திருக்கவில்லை, செத்தது.

ஏமாற்ற இடம் தரக்கூடாதென்று அடுத்த ஆண்டு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இயந்திரத்தின் முன்னால் போய் நின்று ஸ்கேன் செய்தால்தான் ஆர்டர் திறக்கும். ஒரே வாரத்தில் அத்தனை ஸ்டிக்கரின் ஜெராக்ஸும் பராமரிப்பு அறை டிராயருக்கு வந்துசேர்ந்தன. கம்ப்ரசர், கிரேன், டிரான்ஸ்பார்மர், தீயணைப்பு பம்ப் என்று ஆலை முழுவதும் ஒரு டிராயருக்குள் அடங்கிற்று. அரை மணி நேர ஓட்டம் நாற்பது விநாடியில் முடிந்தது. டீ ஆறுவதற்குள் ஒரு பிளாக்கே ஆரோக்கியமாகிவிடும்.

ஃபிட்டர்களைத் திட்ட வராதீர்கள். மூன்று பேர் வேலைக்கு ஒருவரை வைத்து அட்டவணை போட்டார்களே, பொய் அன்றைக்கே எழுதியாகிவிட்டது. ஃபிட்டர் கீழே கையெழுத்துதான் போட்டார்.

"இதெல்லாம் நம்ம ஊர்லதான் சார்" என்று சொல்ல ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அவருக்காக அமெரிக்காவுக்கும் போய்விட்டு வருவோம். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261ஆம் எண் விமானம் கலிஃபோர்னியா கரையோரம் கடலில் விழுந்தது. 88 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வாலில் உள்ள கிடைமட்டச் சிறகை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டில், நட்டின் மரை தேய்ந்து உருவிக்கொண்டது. காரணம், போதுமான கிரீஸ் இல்லை. கிரீஸ் வைக்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 1996இல் எட்டு மாதத்துக்கு ஒரு முறை என்று ஆக்கியிருந்தார்கள். அதற்கு அரசின் விமானத் துறையும் தலையாட்டியிருந்தது. ஒழுங்காகச் செய்தால் நான்கு மணி நேரம் பிடிக்கிற வேலை. கடைசியாகச் செய்தவர் சொன்ன கணக்கு, சுமார் ஒரு மணி நேரம்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. 1997 செப்டம்பரில் ஓக்லண்ட் பட்டறையில் ஒரு மெக்கானிக் அந்த நட்டின் தேய்மானத்தை அளந்தார். 0.040 அங்குலம், அனுமதித்த எல்லையைத் தொட்டாயிற்று. மாற்ற வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பிறகு மறுபடி அளந்தார்கள். 0.033 வந்தது. எழுதியதை அடித்தார்கள், விமானத்தை அனுப்பினார்கள். அடுத்த அளவீடு முப்பது மாதம் கழித்து, அதாவது 2000 மார்ச்சில். விமானம் விழுந்தது ஜனவரியில். நம் மென்பொருளில் ஏற்றியிருந்தால் கடலுக்கடியில் கிடந்தபோதும் அது பச்சையாகவே மின்னியிருக்கும்.

எங்கள் ஆலைக்கும் ஒரு நாள் வந்தது. கோடவுனில் தீ. பம்ப் முனகக்கூட இல்லை. நகரத்துத் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கூரை இறங்கிவிட்டது. உள்ளே ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ, அட்டவணை செய்ததல்ல. விசாரணைக் குழு திரையைத் திறந்து பார்த்தது: 52 வாரமும் பச்சை, நூறு சதவீதம். மேலாளர் அந்த ஆண்டு அதற்காகவே ஒரு கேடயம் வாங்கியிருந்தார். அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று எழுதினார்கள். யார் அந்த மனிதர்? லாகினில் பெயர் இருந்தவர். முதல் மாதம் உண்மையை அடித்த அதே ஃபிட்டர். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

திருத்த நடவடிக்கையும் எடுத்தார்கள். பேட்டரி வாங்கவில்லை. செக்லிஸ்ட்டில் கடைசியாக ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: 'மேற்கண்டவை உண்மையாகவே செய்யப்பட்டனவா?' அடுத்த திங்கட்கிழமை, புதிதாகச் சேர்ந்த பையன் டிராயரைத் திறந்தபடி என்னிடம் கேட்டான்.

"சார், இதுக்கும் 'ஆம்'தானே?"