மாண்புமிகு விடைக்குறிப்பு அவர்களுக்கு ஒரு தமிழய்யாவின் விளக்கக் கடிதம்

மாட்சியும் மாண்பும் மிக்க விடைக்குறிப்பு அவர்களின் சமூகத்துக்கு (மா, மா: மோனை, 1 மதிப்பெண்),

தங்கள் தயவில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது (தங்கள், எங்கள்: எதுகை, 1 மதிப்பெண்). போன வாரம் விடைத்தாள் திருத்தும் முகாமில் தங்கள் மனம் நோகும்படி நடந்துகொண்டேன். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். வழக்கம்போல ‘இனி இவ்வாறு நிகழாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது குறுவினா. நெடுவினாவுக்கான விடை தங்களுக்கு.

நயம் பாராட்டச் சொல்லி ஒரு குறுந்தொகைப் பாட்டு வந்திருந்தது. போனவன் இன்னும் வரவில்லையே என்று ஒருத்தி தோழியிடம் சொல்கிற பாட்டு. எந்த ஊர்ப் பிள்ளையோ, கோணல்மாணலான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: ‘கடைசிக்கு முந்தின வரி மட்டும் குட்டையாக இருக்கிறது. படிக்கும்போது அங்கே மூச்சு நின்றுவிடுகிறது. எங்கள் ஆயா செத்த அன்று அம்மா போனில் பேசியதும் இப்படித்தான் பாதியில் நின்றது. அப்புறம்தான் ஒரு வரி முழுசாகச் சொன்னாள்.’

முழு மதிப்பெண் போட்டேன். அதுதான் நான் செய்த குற்றம்.

முதன்மைத் தேர்வாளர் அந்தத் தாளை எடுத்து, என்னை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஆயா செத்த இடத்தில் ஹாலே சிரித்தது. ‘தமிழய்யா, ரசிக்கிறதுக்கு வீடு இருக்கு. இங்கே திருத்துங்க’ என்றார். முழு மதிப்பெண் அரை மதிப்பெண் ஆயிற்று. அந்த அரையும் வினா எண்ணைச் சரியாகப் போட்டதற்காக. அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் கையில் தாங்கள் இருந்தீர்கள். மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தங்கள் மேனியில் பளிச்சென்று அச்சாகியிருந்தது. ஆயா எங்கும் இல்லை.

‘இப்பாடல் நேரிசை ஆசிரியப்பா, ஈற்றயலடி முச்சீர்’ என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தால் தாங்கள் உச்சிமுகர்ந்திருப்பீர்கள். அதே சங்கதியை அது தன் மூச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. நேரிசையில் கடைசிக்கு முந்தின அடியில் ஒரு சீர் குறையும், கடைசி அடி நாற்சீராக நிமிரும் என்று இலக்கணத்தில் படித்த எங்களில் எத்தனை பேருக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றிருக்கும்? எனக்கு நின்றதில்லை. வாய்பாடு ஒப்பித்துப் பழகிய வாய் இது (வாய், வாய்: மோனை, 1 மதிப்பெண்).

தங்கள் மற்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுக்கட்டாகத் திருத்தினேன்; எல்லாம் தங்கள் வளர்ப்பு. ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’, ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’, ‘சந்தம் தமிழுக்குச் சொந்தம்’. ஜூன் மாதமே இதெல்லாம் தயார். மார்ச்சில் வரப்போகிற பாட்டு எதுவாக இருந்தால் என்ன? நிலாவோ நெல்வயலோ ஒப்பாரியோ, நடுவில் கோடிட்ட இடத்தில் இரண்டு சொல்லை எடுத்துப் போட்டால் தீர்ந்தது. பந்தியில் உட்காராமலே சமையல்காரரைப் புகழ்ந்துவிட்டு வருவதுபோல (உவமையணி, 1 மதிப்பெண்). ஒரு விடைத்தாளில் அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்பவே மறந்துபோயிருந்தார்கள். குறுந்தொகைத் தலைவி காத்திருந்தது வீண்; பிள்ளை அவளைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் யானைக்கும் வைகைக்கும் உரிய மதிப்பெண் போய்ச் சேர்ந்துவிட்டது.

சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, எதுகை மோனைக் கட்டில்லாத கவிதைக்கும் இடம்கொடுத்தார். அந்தச் சேதி தங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வந்துசேரவில்லை போலிருக்கிறது. தபால் தாமதம்தான், வேறென்ன. புதுக்கவிதை வந்தாலும் பிள்ளைகள் எதுகை தேடுகிறார்கள். ‘அவன்’, ‘அவள்’ என்று இரண்டு சொல் சிக்கினால் யோகம்: மோனையும் ஆயிற்று, எதுகையும் ஆயிற்று, 2 மதிப்பெண். ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்ற வினாவுக்கோ, காட்சியைக் காணும் முன்பே கைடில் கவின் கிடைக்கிறது. படத்தில் மரம் இருந்தால் மரம் வளர்ப்போம், இல்லாவிட்டாலும் வளர்ப்போம்.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டம் நடத்தினார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் உணர்ச்சி கேட்பவர்களுக்கு ஏறும்வரை விடமாட்டாராம். தாங்கள் அங்கே தலைமை தாங்காமல் போனது தமிழின் துரதிர்ஷ்டம். கம்பனை ஒரு மணி நேரத்தில் முடித்து, கட்டுக் கட்டி, அரக்குவைத்து அனுப்பியிருக்கலாம்.

ஒரு பிள்ளை பரீட்சை ஹாலில், அடுத்த மணி அடிப்பதற்குள், முன்பின் பார்க்காத ஒரு பாட்டைப் படித்து, தன் வீட்டுச் சாவை அதில் கேட்டிருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டு அதன்மேல் வேலைசெய்திருக்கிறது. அதைப் பார்த்து ஒரு ஹால் நிறையத் தமிழாசிரியர்கள் சிரித்தோம். ஆமாம், நானும்தான், எல்லாரும் சிரித்ததால் சிரித்துவைத்தேன். வெட்கம் கெட்ட சிரிப்பு. பன்னிரண்டு வருஷம் தமிழ் படித்த பிள்ளை, பள்ளியை விட்டு வெளியே போனதும் கவிதைப் புத்தகத்தைக் கையால் தொடுவதில்லை. தொடாதபடிக்குப் பழக்கி அனுப்பிவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரசனை இல்லை என்று மேடைக்கு மேடை புலம்புவதும் நாம்தான். அந்தப் பிள்ளை இனி ஒரு பாட்டைப் பற்றி வாயைத் திறக்குமா? அரை மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்னவென்று புரிந்துகொள்ளும்?

மன்னிக்கவும், வெகுளி வந்துவிட்டது. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று என்பதால் இதற்கும் 1 மதிப்பெண் உண்டு என நம்புகிறேன்.

பிழையும் தங்களது, பேரும் தங்களது (தங்களது, தங்களது: இயைபு, 1 மதிப்பெண், பி, பே: மோனை என்று இலக்கணம் ஒப்புக்கொள்ளும், குறிப்பில் இல்லாவிட்டால் அடித்துவிடவும்). தங்கள் ஆட்சி நீடூழி வாழ்க. அடுத்த ஆண்டு முகாமுக்கு அழைத்தால் யானையை எண்ணுவேன், வைகையை எண்ணுவேன், ஆயா யாராவது குறுக்கே வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று. எட்டாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், பாடத்தில் இல்லாத ஒரு பாட்டை வாசித்துக்காட்டுகிறேன். நோட்டு கிடையாது, மனப்பாடம் கிடையாது. போன தடவை ஒரு பயல், ‘ஐயா, இன்னொரு வாட்டி’ என்றான். வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டியிருந்தவர்கள் அவனை அடிக்கப் பாய்ந்தார்கள். இன்னொரு வாட்டியும் வாசித்தேன். அது எந்தப் பாட்டு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தால் அங்கேயும் வந்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
உதவித் தேர்வாளர்